இழை: 'தார்மிக்' என்பதற்குத் தமிழில் ஒரு சொல், வெள்ளி இரவுக்குள்

தேவிபட்டினம், திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம். வரலாற்று வியூக விளையாட்டு ஒன்றின் திரைச்சொற்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி இரவு கோப்பை ஏற்றியாக வேண்டும். மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் தொண்டையில் குத்திய மீன்முள்ளாக நிற்கிறது.

விளையாட்டில் நாம் ஓர் அரசர். கதை 11ஆம் நூற்றாண்டில் தொடங்கி 18ஆம் நூற்றாண்டில் முடிகிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சமயம் உண்டு. சமயங்களைத் தொகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரே தொகுதி அரசர்கள் ஒருவரையொருவர் ஓரளவு பொறுத்துக்கொள்வார்கள், வேறு தொகுதி என்றால் முறைப்பார்கள். யூதம், கிறித்தவம், இசுலாம் மூன்றும் 'ஆபிரகாமியச் சமயங்கள்'. அதில் சிக்கல் இல்லை. இந்து, பௌத்தம், சமணம் (கோப்பில் ஓரிடத்தில் 'ஜைனம்' என்றும் இருக்கிறது), சீக்கியம் நான்குக்கும் ஆங்கிலக் கோப்பில் 'தார்மிக்' என்று தலைப்பு வைத்திருக்கிறார்கள். இதற்கு என்ன போடுவது? பெட்டியில் பதினான்கு எழுத்துக்கு மேல் இடமில்லை.

'மதம்' என்ற சொல்லை மட்டும் யாரும் பரிந்துரைக்க வேண்டாம். முதலில் அதைத்தான் போட்டிருந்தேன். யானைப் படைக்கும் மதம் என்று ஓர் அளவு இருக்கிறது. என்னிடம் மாலையில் படிக்க வரும் பையன் ஒருவன் 'மதம் கூடியது' என்ற அறிவிப்பைப் பார்த்து, நாட்டில் பக்தி வளர்ந்துவிட்டது என்று மகிழ்ந்து படையை வெளியே அனுப்பினான். யானைகள் அவனுடைய காலாட்படையையே மிதித்துத் தள்ளிவிட்டன.

தொண்டி, செவ்வாய் காலை

அம்மா, நல்ல முயற்சி. ஆனால் முதல் வரியிலேயே தடுக்கி விழுகிறேன். வியூகம் என்பது படையை நிறுத்தும் வடிவம். சக்கர வியூகம், பத்ம வியூகம் என்பது போல. நீங்கள் சொல்வது போர் மட்டுமல்ல. வரி, திருமணம், தூது எல்லாம் அடங்கிய சூழ்ச்சி. எனவே 'உத்தி விளையாட்டு'. நூலுக்கு உரிய உத்திகள் முப்பத்திரண்டு என்று தொல்காப்பியமே எண்ணிச் சொல்கிறது.

கேட்ட சொல்லுக்கு வருகிறேன். தர்மம் வடசொல், அதற்கு நிகர் அறம். ஆகவே 'அறநெறிகள்'. முடிந்தது.

இன்னொரு யோசனையும் உண்டு. சைவ சித்தாந்தம் சமயங்களை நான்கு வளையமாக வகுத்திருக்கிறது: அகம், அகப்புறம், புறம், புறப்புறம். சமணமும் பௌத்தமும், கண்ணால் காண்பதே உண்மை என்னும் உலகாயதத்தோடு சேர்ந்து புறப்புறத்தில் நிற்கும். உங்கள் விளையாட்டு தேடுகிற பகைக் கணக்கு இதுதானே? மேல்நாட்டார் இன்று செய்வதை நம்மவர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்து முடித்துவிட்டார்கள்.

கீழக்கரை, செவ்வாய் மதியம்

ஐயா, அஸ்ஸலாமு அலைக்கும். அந்த நான்கு பேர் அறநெறி என்றால் அடுத்த பெட்டியில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் என்ன, மறநெறியா? எங்களுக்குத் தாத்தா பெயரை வைத்தார்கள், இப்ராஹீம் நபியின் பெயர், மகிழ்ச்சி. மற்ற நான்கு பேருக்கும் பொதுவாக ஒரு தாத்தா இல்லை என்பதுதான் இங்கே பிரச்சினை.

'உத்தி' வடமொழி 'யுக்தி'தான் என்பதை ஐயா அறிவார். காலையில் மறந்திருக்கலாம்.

பாம்பன், செவ்வாய் இரவு

கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள் என்ற முறையில் சில வார்த்தைகள்.

நான்கு வளையம் அழகான வகைப்பாடு. ஆனால் அது சைவ மடத்துத் திண்ணையிலிருந்து பார்த்த வரைபடம். விளையாடுகிறவர் சமண அரசராக இருந்தால்? அவருக்குச் சைவம்தானே புறப்புறம்? மணிமேகலையில் சமயக்கணக்கர் ஒவ்வொருவரும் தம் தம் திறத்தைத் தாமே உரைக்கிறார்கள். சைவவாதி, வைணவவாதி, ஆசீவகன், நிகண்டவாதி (சமணர்) என்று தனித்தனிக் குரல்கள். அங்கே 'இந்து' என்று ஒருவர்கூட எழுந்து பேசவில்லை. சோழர் காலத்து வரைபடத்தில் நாடு முழுவதற்கும் 'இந்து' என்று ஒரே வண்ணம் பூசுவதே எனக்கு உறுத்துகிறது. அது தமிழாக்குகிறவர் கையில் இல்லை என்பது தெரியும், சொல்லிவைக்கிறேன்.

சமண அரசர் போர் தொடுத்தால் மதிப்பெண் குறையும் என்று இந்த விளையாட்டின் விளக்கத்தில் பார்த்தேன். சிரவணபெளகொளாவில் கோமதேசுவரர் சிலையை எடுப்பித்த சாவுண்டராயர், கங்க அரசரின் படைத்தலைவர். அவர் மதிப்பெண்ணைப் பார்த்து வாளை உறையில் போட்டதாகத் தெரியவில்லை.

பொறுமைக் கணக்கும் இடிக்கிறது. நம் கல்வெட்டுகளில் கோயிலுக்கு விட்ட நிலம் தேவதானம். சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விட்ட நிலம் பள்ளிச்சந்தம். இரண்டையும் ஒரே அரசர் கொடுப்பார். தஞ்சையில் அவ்வளவு பெரிய சிவன் கோயில் எடுத்த ராஜராஜன்தான் நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். இவர்கள் ஒரே தொகுதி என்பதால் பொறுத்துக்கொண்டார்கள் என்று சொன்னால், ராமநாதபுரத்துச் சேதுபதி அரசர்கள் பள்ளிவாசலுக்குக் கொடுத்ததை எந்தத் தொகுதியில் வைப்பது?

விளையாட்டில் 'மதமாற்றம்' என்று ஒரு பட்டை மாதந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்புகிறதாம். எங்கள் பாட்டி அந்தச் சொல்லை வாழ்நாளில் சொன்னதில்லை. 'நம்மவர்கள் வேதத்தில் சேர்ந்தது' என்பார். வேதம் என்றால் அவருக்குக் கிறித்தவம். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் சேர்ந்தது பட்டை நிரம்பியதால் அல்ல. போர்த்துகீசியரின் பாதுகாப்பு வேண்டி, ஊர் ஊராக முடிவெடுத்துச் சேர்ந்தார்கள். 1693இல் ஓரியூரில் இயேசு சபைத் துறவி அருளானந்தர் வெட்டுண்டதற்குப் பின்னால் இருந்ததும் மாகாணக் கணக்கு அல்ல. மறவர் தலைவர் தடியத்தேவர் வேதத்தில் சேர்ந்து, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவுக்காரப் பெண். அவ்வளவுதான் காரணம். இதற்கு எந்தப் பட்டை?

சொல் கேட்டீர்கள் அல்லவா: 'இந்தியச் சமயங்கள்'. பிறந்த நிலத்தைச் சொல்கிறது, வேறெதையும் சொல்லவில்லை.

கீழக்கரை, செவ்வாய் இரவு

டீச்சர் நியாயமாகப் பேசிவிட்டுக் கடைசி வரியில் கவிழ்த்துவிட்டார்கள். எங்கள் ஊர்ப் பழைய ஜும்மா பள்ளிவாசலை வந்து பாருங்கள். கல்தூண், போதிகை எல்லாம் கோயில் தச்சர் கைவேலை. இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகும் எங்களை 'இந்தியச்' சமயம் அல்லாத பெட்டியில் போட்டால், விளையாட்டு என்றாலும் வலிக்கிறது. அதைவிட ஆங்கிலச் சொல்லை அப்படியே எழுதிவிடுங்கள்.

மண்டபம், புதன் காலை

கடல் ஆய்வு வேலையில் இருப்பவன். எனக்குச் சமயமும் தெரியாது, இலக்கணமும் தெரியாது. சொல் எப்படிச் சாகும் என்பது மட்டும் தெரியும்.

பாக் நீரிணையில் ஒரு பாலூட்டி உண்டு. இந்தக் கரையில் அதன் பெயர் ஆவுளியா. படகில் போகிற யாரைக் கேட்டாலும் ஆவுளியாதான். 2022இல் 448 சதுர கிலோமீட்டர் கடலை அதற்குப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள், பெயரில் 'கடற்பசு'. நான் பலகையைக் காட்டி ஒரு பெரியவரிடம் கேட்டேன். 'பசுவா? கடலில் ஏது பசு?' என்று சிரித்தார். வலையில் பட்டால் விட்டுவிட வேண்டிய விலங்கு எது என்று அவருக்குத்தான் தெரிய வேண்டும். அவருக்குப் புரியாத பெயரைப் பலகையில் எழுதிவைத்திருக்கிறோம்.

எனவே புரிகிற சொல்லைப் போடுங்கள். 'தர்மச் சமயங்கள்'. வடமொழி என்று யாரும் விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்து போக மாட்டார்கள்.

தேவிபட்டினம், புதன் இரவு

இதுவரை வந்த மூன்றையும் தாளில் எழுதி, மாலை வகுப்புக்கு வந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேரிடம் கொடுத்தேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

'அறநெறிகள்' என்றதும் நீதிபோதனை வகுப்பு என்றார்கள், ஏழு பேரும். 'இந்தியச் சமயங்கள்' புரிந்தது. ஆனால் பட்டியலில் இசுலாமையும் கிறித்தவத்தையும் அவர்களே சேர்த்துக்கொண்டார்கள். கீழக்கரைக் காக்காவுக்கு ஏழு வாக்கு. 'தர்மச் சமயங்கள்' என்பதற்கு ஒரு பெண் சொன்னது: 'காசு வாங்காமல் சேர்த்துக்கொள்வார்களா டீச்சர்?' பக்கத்தில் இருந்தவன் தர்ம அடியை நினைவூட்டினான். பிறகு வகுப்பு நடக்கவில்லை.

ராமேஸ்வரம் ரத வீதியில் நாள் முழுதும் 'தர்மம் பண்ணுங்கள்' என்ற குரலைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

தொண்டி, வியாழன் அதிகாலை

இரவு தூக்கமில்லை. இந்த நான்கு சமயங்களுக்கும் பொதுவானது எது என்று யோசித்தேன். கடவுளா? சமணமும் பௌத்தமும் படைத்தவன் என்று ஒருவனை ஏற்பதில்லை. வேதமா? அதையும் ஏற்பதில்லை. சாதியா? சீக்கியர் பந்தியில் எல்லாரும் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள். எஞ்சுவது ஒன்றுதான்: செய்த வினை தொடரும், பிறவி மீளும். ஆகவே 'வினைநெறி'. நான்கே எழுத்து. தூய தமிழ். 'வினை' வடமொழியிலிருந்து வரவில்லை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. விளை, விதை, வித்து என்ற சொற்களோடு சேர்த்துப் பார்த்தால் விதைத்தது விளையும் என்ற பொருளே அச்சொல்லுக்குள் கிடக்கிறது. இது என் கருத்து. அகராதிக்காரர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் கவலையில்லை.

இதோடு, கோப்பில் சமணத்துக்கு 'ஜைனம்' என்றும் ஓரிடத்தில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். சமணம் என்றே ஒருமுகமாக வையுங்கள். 'சிரமண' என்பதன் தமிழ் வடிவம் அது. மூலத்தில் பௌத்தரையும் குறித்த சொல், தமிழில் அருகனை வணங்கும் ஜைனரிடம் நிலைத்துவிட்டது. தமிழ்ச் சமணர் தம்மை நயினார் என்றும் சொல்லிக்கொள்வர். நயினார், நாயனார், நாயகர் எல்லாம் ஒரே குடும்பம். கீழக்கரை நெய்னா முகமதுகளும் இந்தக் குடும்பத்திலிருந்து பெயர் எடுத்தவர்கள்தாம் என்று நான் கருதுகிறேன்.

கீழக்கரை, வியாழன் காலை

என் மாமா பெயர் நெய்னா முகமது. அவரிடம் படித்துக் காட்டினேன். 'வாத்தியார் நம்மையும் ஒரு பெட்டியில் சேர்த்துவிட்டாரே' என்று சந்தோஷப்பட்டார்.

வினைநெறி எனக்குச் சம்மதம். யாரையும் வெளியே நிறுத்தவில்லை. அவர்கள் கொள்கையைச் சொல்கிறது.

ராமேஸ்வரம், வியாழன் மதியம்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் ஊரில் குருத்துவாரா உண்டு. குரு நானக் இலங்கை போய்த் திரும்பும் வழியில் இங்கே தங்கினார் என்பது அவர்கள் மரபு. என் கடையில் தேநீர் குடிக்க வரும் பஞ்சாபி டிரைவர் ஒருவரிடம், சீக்கியர் என்ற பெயர் சிகை வளர்ப்பதால் வந்ததா என்று கேட்டேன். நம் ஊரில் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அவர் தலையில் அடித்துக்கொண்டார். சிஷ்யன் என்பதுதான் சிக் ஆனதாம். நம் சீடனும் அதே சொல்தான் அல்லவா ஐயா?

தங்கள் கூட்டத்தை அவர்கள் 'பந்த்' என்கிறார்கள். பாதை என்று பொருளாம். முஸ்லிம் நண்பர்கள் மார்க்கம் என்பதும் பாதையே. நம் நெறியும் பாதையே. ஆக 'நெறி' எல்லாருக்கும் பொருந்துகிறது. ஒன்றை மட்டும் அவர் அழுத்திச் சொன்னார்: வினை உண்டு, ஆனால் கடைசியில் கரையேற்றுவது குருவின் அருள்தான்.

குரு நானக் பிறந்தது 1469இல். விளையாட்டு 11ஆம் நூற்றாண்டிலேயே சீக்கியத்தைக் காட்டவில்லை என்று நம்புகிறேன்.

பாம்பன், வியாழன் இரவு

கேட்கக் கசப்பாக இருக்கும், ஆனாலும் சொல்லியாக வேண்டும். 'வினைநெறி' என்றால் ஆசீவகர் வெளியே போய்விடுவார்கள். எல்லாம் ஊழ்ப்படி நடக்கும், முயற்சியால் எதுவும் மாறாது என்பது அவர்கள் கொள்கை. தென்னகத்தில் இடைக்காலம் வரை அவர்கள் இருந்திருக்கிறார்கள்.

தேவிபட்டினம், வியாழன் இரவு

டீச்சர், விளையாட்டில் ஆசீவகர் இல்லை. சீக்கியம் 15ஆம் நூற்றாண்டில் ஒரு நிகழ்வாகத்தான் தோன்றுகிறது, ராமேஸ்வரத்து அண்ணன் கவலைப்பட வேண்டாம்.

வினைநெறியையும் பிள்ளைகளிடம் காட்டினேன். 'வினைச்சொல் பாடமா டீச்சர்?' என்றார்கள். போதாக்குறைக்கு 'செயல்கள்' என்ற தாவலுக்கு நானே 'வினைகள்' என்று பெயரிட்டிருக்கிறேன். அதைத் திருத்திவிட்டேன். தலைப்பின் மேல் சுட்டியை வைத்தால் விளக்கம் ஒன்று வரும். அங்கே 'வினைப்பயனும் மறுபிறப்பும் கொள்ளும் சமயங்கள்' என்று எழுதினேன். அதைப் படித்ததும் ஐந்து பேருக்குப் புரிந்தது. மீதி இரண்டு பேர் யானைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மண்டபம், வெள்ளி காலை

விளக்கம் போட்டால்தான் புரிகிறது என்றால் அது கடற்பசுதான். என் வாக்கு தர்மத்துக்கே. தோற்றால் தோற்றதாக எழுதிக்கொள்ளுங்கள்.

தேவிபட்டினம், வெள்ளி இரவு 11.20

தொண்டி, கீழக்கரை, ராமேஸ்வரம் மூவர் வினைநெறி. மண்டபம் தர்மம். பாம்பன் டீச்சர் ஆசீவகரோடு தனியாக நிற்கிறார். கோப்பு ஏறிவிட்டது: 'வினைநெறிகள்'. அனைவருக்கும் நன்றி.

தொண்டி, சனி அதிகாலை

அம்மா, 'கள்' எங்கிருந்து வந்தது? நான் கொடுத்தது 'வினைநெறி'. அஃறிணைப் பெயருக்குக் 'கள்' சேர்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் தொல்காப்பியர் வைக்கவில்லை. 'மாடு மேய்ந்தன' என்றாலே பன்மை விளங்கும். இந்த வடிவில் என் பெயர் அந்தக் கோப்பில் எங்கும் வர வேண்டாம். அடுத்த பதிப்பு எப்போது?

தேவிபட்டினம், சனி காலை

மூன்று மாதம் கழித்து, ஐயா. இதற்கிடையே சமணத் துறவியர் அமர்ந்து ஓதும் இடத்தைக் காட்டும் கட்டடத்துக்குப் 'பள்ளி' என்று போட்டிருக்கிறேன். பிள்ளைகள் அதைத் தீ வைத்துவிட்டு விடுமுறை கேட்கிறார்கள். தனி இழையாகத் தொடங்குகிறேன்.