பட்டச் சான்றிதழ் பார்க்க எப்படி இருக்குன்னு உங்களுக்கெல்லாம் கவலை உண்டா?

தென்பொதிகை கேட்டது:

எம்.எஸ்சி. வேதியியல் முடிச்சவ நான். பட்டமளிப்பு விழா அன்னிக்கு வேலையில லீவு தரல. விழாவுக்குப் போகாமலே பட்டம் வாங்கற ஆப்சென்ஷியாவுக்குப் பணம் கட்டியிருந்தேன், போன வாரம் ஸ்பீட் போஸ்ட்ல சான்றிதழ் வந்து சேர்ந்தது. வெளியூர்ல படிச்சேன். எந்தப் பல்கலைக்கழகம்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

கவரைப் பிரிச்சதும் சப்புன்னு ஆயிடுச்சு. ஏ4 தாள். மடங்காம இருக்க உள்ள ஒரு அட்டைகூட வைக்கல, ஒரு முனை நசுங்கி வந்திருக்கு. மேலே சின்னம், அதுக்குக் கீழே தமிழ்ல ஒரு பத்தி, இங்கிலீஷ்ல ஒரு பத்தி. இங்கிலீஷ் பத்தி ஒழுங்கா இருக்கு. தமிழ் பத்திதான் சகிக்கல. வரியெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது. என் பேர்ல வர்ற 'ஷ்' மேல இருக்கவேண்டிய புள்ளி நகர்ந்து போய் அடுத்த எழுத்துத் தலையில உக்காந்திருக்கு. போட்டோ, சேர்க்கை விண்ணப்பத்துல ஒட்டினது. அதை எந்தக் கட்டத்துக்குள்ள அடக்கினாங்களோ, முகம் அகலமா இழுபட்டு எங்க பெரியம்மா சாயல்ல இருக்கேன். பின்னணி முழுக்க பச்சையும் ரோஸுமா அலை அலையா கோடு. துணைவேந்தர் கையெழுத்து அச்சு. கிட்ட வச்சுப் பாத்தா புள்ளி புள்ளியா தெரியுது.

இது மட்டும் வந்திருந்தா பீரோவுல போட்டுட்டுப் போயிருப்பேன். ஆனா எங்க வீட்டு ஹால்ல தாத்தாவோட பி.ஏ. பட்டம் மாட்டியிருக்கு. 1962. தாத்தா படிச்சது பாளையங்கோட்டை சேவியர் கல்லூரி. மதுரையில பல்கலைக்கழகம் வந்ததே 1966-லதான், அதனால அப்போ எங்க பக்கத்துப் பட்டமெல்லாம் மெட்ராஸ் யுனிவர்சிட்டி கொடுத்ததுதான். துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் கையெழுத்து இருக்கு. அவர் 1942-லேருந்து 1969 வரைக்கும், 27 வருஷம் அந்த நாற்காலியில இருந்தவர். தாத்தா செட்டு ஆளுங்க யார் வீட்டுப் பட்டத்தைப் பாத்தாலும் அவர் பேருதான். தாத்தா பேரை யாரோ கையால எழுதியிருக்காங்க. கறுப்பு மை இப்போ பழுப்பாயிடுச்சு, ஆனா அந்த முதல் எழுத்தோட வால் வளைஞ்சு போற இடத்துல பேனா அழுத்தம் கூடி மெலிஞ்சது இன்னும் தெரியுது. சின்ன வயசுல நாற்காலி போட்டு ஏறி நின்னு அதைத்தான் பாத்துட்டிருப்பேன்.

அப்பா இப்போ என்னோடதையும் சட்டம் போட்டு அது பக்கத்துல மாட்டணும்னு நிக்கறார். எனக்கு இஷ்டமில்ல. "பட்டம்தான்மா முக்கியம், தாள்ல என்ன இருக்கு"ங்கறார். தாள்ல ஒண்ணும் இல்லேன்னா அதை எதுக்கு ஹால்ல மாட்டணும்? அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க தாளைத் தடவித் தடவிப் பாத்து கடை கடையா ஏறி இறங்கினவரும் இவரேதான். ஒரு நாள் கூத்துக்கு அவ்வளவு பாக்கறோம். ஆயுசுக்கும் இருக்கப்போற தாளுக்கு, அதுவும் தனியா கட்டணம் வாங்கிட்டு அடிக்கற தாளுக்கு, கொஞ்சம் மெனக்கெட்டா என்ன குறைஞ்சிடும்?

உங்க பட்டம் எப்படி இருக்கு? பார்க்க நல்லா இருக்கணும்னு உங்களுக்கும் தோணுமா, இல்ல எனக்கு மட்டும்தானா? அப்புறம் அந்தப் புள்ளியைச் சரி பண்ண வழி இருக்கா?

---

கோட்கோபி:

என் பட்டத்தை நான் கடைசியா எப்போ பாத்தேன்னே ஞாபகம் இல்ல. வேலைக்குச் சேர்றப்ப கேட்டது கன்சாலிடேட்டட் மார்க் ஷீட்டும் புரொவிஷனலும். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் ஆளுங்களுக்கு ஸ்கேன் பண்ணின பிடிஎஃப் போதும். இப்போ பல பல்கலைக்கழகம் டிஜிலாக்கர்லயே ஏத்திடறாங்க. அழகா அசிங்கமான்னு ஒருத்தனும் கேக்கல.

கோபப்படணும்னா தாமதத்துக்குப் படுங்க. தகுதி பெற்ற தேதியிலேருந்து 180 நாளுக்குள்ள பட்டம் கொடுக்கணும்னு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதியே இருக்கு. உங்களுக்கு எப்போ வந்துச்சு?

---

ஷார்ஜா சுந்தர்:

கோபி தம்பி, நீங்க ஊரை விட்டு வெளிய வேலைக்குப் போகல போல. வளைகுடா பக்கம் வந்தா ஒரிஜினலைக் கையில தூக்கிட்டு அலையணும். ஹேக் உடன்படிக்கையில சேர்ந்த நாடுன்னா அப்போஸ்டில்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டினாலே சான்றிதழை ஏத்துக்குவாங்க. ஐக்கிய அமீரகம் அதுல இல்ல, அதனால அந்த ஸ்டிக்கர் ஒண்ணோட கதை முடியாது. மாநில உயர்கல்வித் துறை, டெல்லி வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், அப்புறம் இங்க வந்து இவங்க வெளியுறவு அமைச்சகம்னு ஒவ்வொருத்தரும் பின்னாடி ஒரு முத்திரை, ஒரு ஸ்டிக்கர். என் பட்டத்துக்கு முன்பக்கத்தை விட பின்பக்கம்தான் பகட்டு. சட்டம் போட்டா திருப்பித்தான் மாட்டணும்.

தங்கச்சி, ஒண்ணு மட்டும் கேளு. முனை நசுங்கினதைப் பாத்துட்டு லேமினேஷன் கடைக்கு ஓடிடாதே. முத்திரை குத்த தாள் வேணும், பிளாஸ்டிக் மேல குத்த மாட்டாங்க. என் ரூம்மேட் ஒருத்தன் லேமினேட் பண்ணினதைப் பிரிக்கறேன்னு அயர்ன் பாக்ஸ் வச்சுத் தேய்ச்சான். பிளாஸ்டிக் உரிஞ்சு வந்துச்சு, அதோட அவன் பேரும் வகுப்பும் உரிஞ்சு வந்துச்சு. டூப்ளிகேட்டுக்கு எழுதிப் போட்டு, அது வர்ற வரைக்கும் விசா நின்னு போச்சு.

போட்டோவைத் திட்டறே. என் பட்டம் 2009, போட்டோ கிடையாது. என் தங்கச்சியோடதுல இருக்கு. எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. போன்ல "தங்கச்சி பட்டத்தை எடும்மா"ன்னா நேரா அதை உருவிடுவாங்க. என்னோடதைக் கேட்டா மார்க் ஷீட், டிசி, நிலப் பட்டான்னு பீரோவையே கவுத்துக் கொட்டி, "இதுல எதுடா நீ?"ம்பாங்க.

---

ஓய்வுபெற்ற தேர்வுப்பிரிவு:

ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். உங்களுடைய பல்கலைக்கழகம் அல்ல என்றே நம்புகிறேன்.

நான் சேர்ந்த காலத்தில் அழகாக எழுதுபவர்களை வெளியிலிருந்து அழைத்துவந்து பெயர்களை எழுதச் சொல்வோம். விழாவுக்கு முந்தைய வாரங்களில் ஒரு நீள மேசை, அதன்மேல் வரிசையாகச் சான்றிதழ்கள், தாள் பறக்காமலிருக்க மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையில் குளித்தபடி எழுதுவார்கள். ஒரு சொட்டு வியர்வை விழுந்தால் அந்தத் தாள் போச்சு. எண்ணிக்கை ஆயிரங்களில் இருந்தவரை அது நடந்தது. இணைப்புக் கல்லூரிகள் பெருகி எண்ணிக்கை பல மடங்கானதும் கையெழுத்து நின்றது. முதலில் தட்டச்சு, பிறகு டாட் மேட்ரிக்ஸ், பிறகு லேசர். துணைவேந்தரின் கையெழுத்தும் அச்சுக்குப் போனது அதே காரணத்தால்தான்.

நீங்கள் வெறுக்கிற அந்த அலைக்கோடுகள் அலங்காரத்துக்காகப் போட்டவை அல்ல. ஜெராக்ஸ் இயந்திரத்திலும் ஸ்கேனரிலும் அப்படியே பிடிக்க முடியாதபடி நெய்யப்பட்டவை. ஓரத்தில் மெல்லிய கோடு ஒன்று இருந்தால் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். எங்கள் சான்றிதழில் அந்தக் கோடு முழுவதும் பல்கலைக்கழகத்தின் பெயரே பொடி எழுத்தில் திரும்பத் திரும்ப ஓடும். போலிச் சான்றிதழ்க்காரர்களோடு நடந்த போட்டியில் சேர்ந்தவை இவை. புகைப்படமும் அப்படித்தான். 2017-ல் யுஜிசி எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் எழுதிய கடிதத்தில் புகைப்படம், ஆதார் போன்ற அடையாள எண், படித்த நிறுவனத்தின் பெயர், நேரடியாகப் படித்ததா தொலைநிலையா என்ற விவரம் எல்லாவற்றையும் சேர்க்கச் சொன்னார்கள். பிறகு 2023 செப்டம்பரில் ஆதார் எண்ணை அச்சிடக் கூடாது என்றார்கள். ஒவ்வொரு சுற்றறிக்கைக்கும் இருக்கிற தாளிலேயே இடம் கண்டுபிடிக்க வேண்டும். வரிகள் ஏறி நிற்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

தமிழ்ப் பத்தியைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்கும் ஆற்றாமைதான். பழைய தரவுகள் 'டாப்', 'டாம்' என்ற, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டது, ஆனால் அச்சு நிறுவனத்தின் மென்பொருள் ஒன்று, எங்கள் கணினி இன்னொன்று. மாற்றும்போது முதலில் அடிவாங்குவது கிரந்த எழுத்துகளும் புள்ளியும்தான். ஆங்கிலப் பத்தியை மூன்று பேர் சரிபார்ப்பார்கள். தமிழை யாரும் பார்ப்பதில்லை, "அதை யார் கேட்கப் போகிறார்கள்" என்பார்கள். நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதினேன்.

---

கண்ணாடிச்சட்டம் அண்ணாச்சி:

பாளையங்கோட்டையில பிரேம் கடை வச்சிருக்கேன் தாயி. சுத்தி காலேஜா இருக்கறதால பட்டம் சீசன்னு எங்களுக்கு ஒண்ணு உண்டு.

பட்டம் அழகா இருக்கணுமான்னு கேட்டிய. யாரு சட்டம் போட வாராங்கன்னு பாத்தாலே தெரிஞ்சிரும். டாக்டர் வருவாரு, கிளினிக் சுவத்துக்கு. வக்கீல் வருவாரு. நர்சிங் முடிச்ச பிள்ளையளுக்கு அவுங்க அம்மா எடுத்துட்டு வருவாவ. இன்ஜினியரிங் பய ஒருத்தன்கூட தானா வந்தது கிடையாது. ஆனா எல்லா வீட்டுலயும் தவறாம வாரது, கறுப்பு அங்கி போட்டு கையில சுருட்டின தாளோட நிக்க போட்டோ. அந்தச் சுருள் பாதி நேரம் வெறும் சார்ட் பேப்பரு, ஸ்டுடியோக்காரன் ரிப்பன் கட்டிக் குடுத்தது. பட்டம் பீரோவுக்குள்ள, போட்டோ ஹால்ல. பத்துக்கு எட்டு வீட்டுல இப்பிடித்தான். நீ விழாவுக்குப் போகல, அதனால அப்பாவுக்கு மாட்ட வேற ஒண்ணும் இல்ல, அதான் தாளைப் புடிச்சுட்டு நிக்காரு. அங்கி வாடகைக்குக் கிடைக்கும், ஒரு படம் எடுத்துக் குடுத்துரு. பாதிப் பிரச்சினை அதோட போச்சு.

மாட்டியே ஆவணும்னாருன்னா ஒரிஜினலை மாட்டாதிய. நல்ல மேட் பேப்பர்ல கலர் காப்பி எடுத்து அதுக்குச் சட்டம் போடுங்க. காப்பியில அலைக்கோடு கொஞ்சம் மங்கும், உனக்கு அதுவும் நல்லதுதான். கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையில மவுண்ட் போர்டு, அதான் நடுவுல வெட்டி எடுத்த தடி அட்டை, குடுக்கச் சொல்லு. நேரா ஒட்டி வச்சா ஐப்பசி மழை ஈரத்துல தாள் கண்ணாடியோட போயி ஒட்டிக்கிடும், பிரிச்சா எழுத்து வந்துரும். பாத்ரூம் சுவர்ல ஆணி அடிக்காத. மேக்கு வெயில் விழுற எடமும் வேண்டாம்.

ஒரிஜினலை ரெக்சின் வாசம் அடிக்க அந்தப் பளபளா பிளாஸ்டிக் ஃபைல்ல போட்டிராத. லேசர் எழுத்து கோடைச் சூட்டுல இளகி பிளாஸ்டிக்ல ஒட்டும். எத்தன பேரு அழுதுட்டு வந்திருக்காவ. சாதா காகித உறை, உள்ள ஒரு துண்டு வசம்பு. பூச்சி கிட்ட வராது. முனை நசுங்கினதுக்கு ரெண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவுல வச்சு மேல கனமா பொஸ்தகம் அடுக்கி ஒரு வாரம் விடு. தண்ணி தொடாத, இஸ்திரிப்பெட்டி கிட்டயே கொண்டு போவாத, ஷார்ஜா தம்பி சொன்னாருல்லா.

தாத்தா பட்டத்தைப் பத்திதான் எனக்குக் கவலை. அந்தக் காலத்துச் சட்டத்துல பின்னாடி ஹார்டுபோர்டு, இல்லேன்னா மரப்பலகை வச்சிருப்பான். அது தாளைப் பழுப்பாக்கிக்கிட்டே இருக்கும். மை பழுப்பாச்சுன்னியே, தாளும் சேந்து கறுத்துருக்கான்னு பாரு. கறுத்துருந்தா சீக்கிரம் பலகையை மாத்தணும்.

---

தென்பொதிகை:

அண்ணாச்சி, சட்டத்தைத் திருப்பிப் பாத்தேன். பலகைதான், ஒரு மூலையில செல்லரிச்ச தூளும் இருக்கு. ஞாயித்துக்கிழமை அப்பாவோட கடைக்கு வரேன், தாத்தாவோடதுக்கு. என்னோடது பீரோவுலயே இருக்கட்டும். அங்கி போட்டோவுக்கு மட்டும் சரின்னு சொல்லியிருக்கேன். 'சுருள்ல சார்ட் பேப்பர்'னு அப்பாகிட்ட சொல்லல.

கோபி, 180 நாள் எப்பவோ தாண்டிடுச்சு. அதைப் பத்தி எழுத ஆரம்பிச்சா இன்னொரு இழை வேணும்.

தேர்வுப்பிரிவு சார், பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தேன். கோடு இல்ல, எழுத்துதான். அதை மட்டும் பாத்தா நல்லாத்தான் இருக்கு. புள்ளி விஷயம் சொல்லாம விட்டுட்டீங்களே?

---

ஓய்வுபெற்ற தேர்வுப்பிரிவு:

மன்னிக்கவும், அது விட்டுப்போயிற்று. பெயர்த் திருத்தத்துக்குப் பெரும்பாலும் ஆதாரம் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்தான். அதில் தமிழில் உங்கள் பெயர் சரியாக இருந்தால் அதன் நகலோடு, பிழையுள்ள பட்டத்தின் மூலத்தையும் இணைத்து, கல்லூரி முதல்வர் வழியாக விண்ணப்பியுங்கள். எழுதும்போது "பெயர் மாற்றம்" என்று எழுதாதீர்கள், அதற்கு அரசிதழ் அறிவிப்பு வரை கேட்பார்கள். "அச்சுப்பிழை திருத்தம், பல்கலைக்கழகத் தரப்புப் பிழை" என்று எழுதுங்கள். கட்டணம் கேட்டால் அந்த வரியைச் சுட்டிக்காட்டுங்கள். மூலத்தை அனுப்புமுன் இரு பக்கமும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள், நேரில் கொடுத்தால் தேதியிட்ட ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். புதிய சான்றிதழை வாங்கும்போது அங்கேயே கவுன்டரில் நின்று தமிழ்ப் பத்தியை முதலில் படியுங்கள்.