மறு: ப்ளூரேயில் தெரியும் ‘கிரெயின்’ – தமிழில் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ‘கிரெயின்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்லாக வந்த ‘படத்துகள்’ பரிந்துரையைப் பார்த்தேன். சொல் கச்சிதம்தான், ஆனாலும் ஒரு தயக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் ப்ளூரேயைப் போட்டேன். வெறும் வானம் வருகிற காட்சியில் திரை முழுக்க ஏதோ பொடிப்பொடியாக ஊர்ந்தது. “டிஸ்க்கைத் துடைச்சுப் போடுங்க, தூசியா தெரியுது” என்றார் மனைவி. துடைத்தால் போகிற சமாச்சாரமா அது? அதுதான் கிரெயின். படச்சுருளில் பூசியிருக்கும் வெள்ளி உப்பு, ஒளி பட்ட இடங்களில், கழுவும்போது வெள்ளியாகத் திரண்டு நிற்கிறது. ஒவ்வொரு சட்டகத்திலும் வேறு வேறு விதமாகச் சிதறியிருப்பதால் படம் ஓடும்போது ஊர்வதுபோல் தோன்றுகிறது. படத்தின் மேல் ஒட்டியது இல்லை. படமே அதனால் ஆனதுதான். டிவிடியின் 720×576 பிக்சலில் கரைந்துபோனது, ப்ளூரேயின் 1920×1080 பிக்சலில் கண்ணுக்கு வந்துவிடுகிறது.

‘துகள்’ என்று பெயர் வைத்தால் எல்லோருக்கும் துடைக்கத்தான் கை போகும். பழைய படத்தைச் செப்பனிடுகிறவர் தூசியையும் கீறலையும் எடுக்க வேண்டும், இதை விட்டுவைக்க வேண்டும். இதையும் சேர்த்து வழித்தெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2010இல் வந்த ‘பிரிடேட்டர்’ ஹாலிவுட் படத்தின் ப்ளூரே பேர்போனது. வியர்வை வழிய வேண்டிய முகங்கள் மெழுகுப் பொம்மைகளாக நின்றன.

‘இரைச்சல்’ (நாய்ஸ்) மின்னணுக் கருவியில் பிறப்பது, அது வேறு. ‘புள்ளி’ பிக்சலுக்குப் போய்விட்டது. ‘குருணை’ எனக்குப் பிடித்தது, ஆனால் உடைந்த அரிசி. மட்டச் சரக்கு என்ற நினைப்பு வந்துவிடும்.

நல்ல நெய்யை வீட்டில் எப்படிச் சொல்கிறோம்? “மணல் மணலா உறைஞ்சிருக்கு.” யாரும் அதைக் குறையாகச் சொல்வதில்லை, பக்குவத்துக்கு அடையாளம். ஆகவே என் பரிந்துரை ‘படமணல்’. ஒளியுணர்வு கூடிய சுருளில் பருமணல், குறைந்ததில் நுண்மணல் என்று கிளைச்சொற்களும் தயாராக இருக்கின்றன.

—

ஐயா, வணக்கம்.

‘துகள்’ என்னுடையது, பாதி மனதோடு திரும்பப் பெறுகிறேன். இரண்டு விஷயம். விளக்கத்தில் வெள்ளி என்று மட்டும் எழுதாதீர்கள். வண்ணப்படச் சுருளில் வெள்ளியை வெளுத்து நீக்கிவிடுவார்கள், மிஞ்சி நிற்பவை சாயத் திட்டுகள். அப்புறம், ‘மணல் நீக்கம்’ என்று ஒரு டிஸ்க் விமர்சனத்தில் எழுதினால் ஆற்றில் லாரி இறங்கிய செய்தி மாதிரி இருக்காதா? நெல்மணி மாதிரி ‘படமணி’ என்று வைக்கலாமே?

—

தம்பி,

‘படமணி’யை நானும் யோசித்தேன். “படமணி என்ன?” என்றால் ஆறரைக் காட்சியா, பத்தரைக் காட்சியா என்று பதில் வரும்.

வண்ணப்படம் பற்றிச் சொன்னது சரி, விளக்கத்தில் சேர்த்துவிடுகிறேன். ‘வெள்ளிமணல்’ என்று வைக்காததும் நல்லதாயிற்று. நீக்கத்துக்குப் பதில் ‘மணல் மழுக்கல்’ என்று வைப்போம். கருவி செய்வதும் அதைத்தான். அளவு மீறிப் போனால் மணற்கொள்ளை என்று திட்டிக்கொள்ளலாம், லாரி வந்தால் வரட்டும்.

எடுத்துக்காட்டு வாக்கியம் கேட்டிருந்தீர்கள். சத்யஜித் ரேயின் அபு படங்களின் மூல நெகடிவ்கள் 1993இல் லண்டன் தீவிபத்தில் கருகின. தப்பிய பகுதிகளை இத்தாலியின் பொலோஞாவில் கையால் சுத்தம்செய்து, இல்லாத இடங்களுக்கு வேறு பிரதிகளை நாடி, 2015இல் ப்ளூரே வந்தது. அதையொட்டி இப்படி எழுதலாம்: “பிரதியிலிருந்து எடுத்த காட்சியில், மூலத்தின் படமணலோடு பிரதியின் படமணலும் சேர்ந்துகொள்ளும்.” வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், இடறவில்லை.

வேறு மறுப்பு இல்லையென்றால் ஞாயிறு இரவு கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். அடுத்தது ‘ஸ்டீல்புக்’, டிஸ்க் வைத்து விற்கும் உலோகப் பெட்டி. தகர டப்பா என்றே எழுதினால் சேகரிப்பாளர்கள் கோபிப்பார்களா?