சத்தம் குறைந்த ரம்ப பிளேடு: கூடுதல் காசு கொடுக்கலாமா?

அடுக்ககத் தச்சன்:
அடுக்குமாடி வீடுகளில் ஷட்டர், அலமாரி வேலை செய்கிறேன். 7 அங்குல வட்ட ரம்பம், 5000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு அத்தனை சுற்று). அறுப்பது பெரும்பாலும் மைக்கா ஒட்டிய 18 மி.மீ. பிளைவுட். இப்போது போட்டிருப்பது 40 பல் சாதா கார்பைடு பிளேடு. சுவிட்சை அழுத்தியதுமே, பலகையைத் தொடும் முன்பே, விசில் மாதிரி ஒரு கூச்சல். கீழ்வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. தகட்டில் நெளிநெளியாக வெட்டி, அந்த வெட்டில் ரெசின் நிரப்பிய பிளேடு ஒன்றைக் கடையில் காட்டினார்கள். விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வாங்கலாமா?

தகடும் பல்லும்:
தாராளமாக வாங்குங்கள். பலகையைத் தொடும் முன்பே கத்துகிறது என்கிறீர்களே, அந்தச் சத்தத்தைக் குறைக்கத்தான் அந்த நெளிவெட்டு. பல்லுக்குப் பல் இருக்கிற பள்ளத்தில் காற்று சுழித்துத் தகட்டை உலுக்குகிறது. அந்த உலுக்கல் தகட்டின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போனால் தகடு வெண்கல மணி மாதிரி பாடத் தொடங்கிவிடும். நெளிவெட்டு அந்த அதிர்வு பரவும் வழியை உடைக்கிறது, உள்ளே இருக்கும் ரெசின் மிச்ச அதிர்வை விழுங்குகிறது.

கடையிலேயே சோதித்துப் பாருங்கள். நடுத்துளையில் விரலை விட்டு பிளேடைத் தொங்கவிட்டு, ஸ்க்ரூடிரைவர் பிடியால் தகட்டை லேசாகத் தட்டுங்கள். சாதாத் தகடு ‘ணிங்ங்’ என்று நீளமாக ஒலிக்கும். நல்ல நெளிவெட்டுத் தகடு ‘டக்’ என்று அடங்கிவிடும். ஒன்று கவனம்: விளிம்பில், பல்லோரமாக இருக்கும் நேர் வெட்டு முதன்மையாகச் சூட்டில் தகடு விரிவதற்கானது. அதை மட்டும் காட்டி ‘சைலண்ட் பிளேடு’ என்று விற்பார்கள், நம்பாதீர்கள்.

உளிப்பிடி:
தம்பி, காசைச் செலவழிக்கும் முன் ஒரு வேலை செய். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடு, போல்ட், வாஷர் மூன்றையும் கழற்றி எடு. அப்புறம் வெறும் மெஷினை ஓட்டிக் கேள். கார்பன் பிரஷ் மோட்டாரும் பல்சக்கரமும் போடுகிற அந்த இரைச்சல் எந்த பிளேடு போட்டாலும் போகாது. அதுவே பெரிதாக இருந்தால் இரண்டு மடங்கு விலை கொடுத்து என்ன பயன்?

இன்னொன்று, விசில் எல்லாம் சும்மா சுற்றும்போதுதான். பலகைக்குள் இறங்கியதும் மரமே தகட்டை அமுக்கிப் பிடிக்கும். அப்புறம் கேட்பது பல் மோதுகிற சத்தமும், பலகை முழுக்க அதிர்கிற சத்தமும். கீழ்வீட்டுக்குப் போவது அதுதான். இரண்டு ஸ்டூலில் பலகையை நீட்டி வைத்து அறுக்காதே. தரையில் தடிமனான தெர்மோகோல் விரித்து, அதன் மேல் பலகையைப் படுக்க வைத்து, ஆழத்தைப் பலகை தாண்டி 5 மி.மீ. மட்டும் வைத்து அறு.

தகடும் பல்லும்:
தெர்மோகோல் யோசனை அருமை அண்ணே, அதை மறுக்கவில்லை. ஆனால் மெஷின் சும்மா சுற்றுகிற நேரம் கொஞ்சமா? ஒவ்வொரு வெட்டுக்கு முன்னும் பின்னும் சுற்றுகிறது. விசில் ஒரே சுருதியில் வருவதால் மற்ற இரைச்சலுக்கு நடுவிலும் தனியாகத் துளைக்கிறது. கணக்கும் போடலாம்: 40 பல், 5000 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு ஏறக்குறைய 3300 பல் கடக்கிறது. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை. அதன் நட்டநடுவில் விழுகிறது. பல் இடைவெளி ஒரே சீராக இல்லாத பிளேடு கிடைத்தால் இன்னும் நல்லது, சுருதி சிதறிவிடும்.

மரத்தூள்:
நெளிவெட்டு பிளேடுக்கு ஏன் அவ்வளவு காசு? நம் ஊர் லேசர் கட்டிங் பட்டறையில் பழைய பிளேடைக் கொடுத்து நாமே வெட்டிக்கொள்ளலாமே.

உளிப்பிடி:
வேண்டவே வேண்டாம் தம்பி. ரம்பத் தகட்டை இழுவிசை ஏற்றித் தயாரிக்கிறார்கள். கண்ட இடத்தில் வெட்டினால் அந்த விசை குலைந்து, வேகத்தில் தகடு தள்ளாடும், வெட்டு முனையிலிருந்து விரிசல் ஓடும். உடைந்து பறந்தால் கழுத்துக்கு வரும்.

தகடும் பல்லும்:
இதில் அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

உளிப்பிடி:
சரி, வேகத்துக்கு வருவோம். எல்லோரும் பிளேடையே பேசுகிறீர்கள். நம் பிள்ளைகள் பாதிப் பேர் 4 அங்குல மார்பிள் கட்டரில் மர பிளேடு போட்டு அறுக்கிறார்கள். அது 12000 ஆர்.பி.எம்.முக்கு மேல் சுற்றும். பிளேடு சிறிதாக இருந்தாலும் பல் நுனியின் வேகம் நொடிக்கு 70 மீட்டர் பக்கம். 7 அங்குல ரம்பத்தில் 50 மீட்டருக்குள்தான். காற்றுச் சத்தத்தின் திறன் நுனி வேகத்தின் ஐந்தாம், ஆறாம் அடுக்கில் ஏறும் என்கிறது ஒலியியல். வேகம் பாதியானால் 15 டெசிபல் அளவு குறையும். அந்தக் காசில் வேகம் குறைக்கும் டயல் உள்ள மெஷினுக்குச் சேர்த்து வை.

அடுக்ககத் தச்சன்:
என்னிடம் இருப்பது 7 அங்குலம்தான் அண்ணே, டயல் இல்லை. பிளேடைக் கழற்றி ஓட்டிப் பார்த்தேன், மோட்டார் இரைச்சல் இருக்கிறது, ஆனால் அந்தக் கூச்சல் சுத்தமாக இல்லை. 60 பல் வாங்கினால்?

தகடும் பல்லும்:
அப்படியானால் கூச்சல் தகட்டுடையதுதான். மைக்காவுக்கு 60 பல் விளிம்பைச் சுத்தமாக விடும், பள்ளமும் சிறிது. ஆனால் தேக்குச் சட்டத்தை நீளவாக்கில் கிழித்தால் கருகும். அதற்குப் பழைய பிளேடை வைத்துக்கொள்ளுங்கள். தகட்டில் அச்சடித்த அதிகபட்ச ஆர்.பி.எம். உங்கள் மெஷினைவிடக் கூடுதலா, நடுத்துளை பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

உளிப்பிடி:
வாங்கிக்கொள், தடுக்கவில்லை. ஆனால் பழைய பிளேடில் பல்லோரம் பிசின் அப்பியிருந்தால் முதலில் அதைக் கழுவு, வாஷர் முகத்தில் ஒட்டிய தூளையும் துடை. அழுக்குப் பல் உரசி உரசியே சத்தத்தை ஏற்றும். எந்த பிளேடு போட்டாலும் அறுக்கும்போது உன் காதுக்கு 100 டெசிபல் பக்கம் வரும். அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரைப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் என்றால் 100இல் வெறும் 15 நிமிடம். என் வயதுத் தச்சர்கள் பலர் பேரப்பிள்ளை பேசுவதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பிளேடு வாங்கும் அதே கடையில் இயர்மஃபும் வாங்கு, உனக்கு ஒன்று, பலகை பிடிக்கிற பையனுக்கு ஒன்று.

அடுக்ககத் தச்சன்:
60 பல் நெளிவெட்டு ஒன்று, இயர்மஃப் இரண்டு. தெர்மோகோல் சைட்டிலேயே கிடக்கிறது. குழந்தை தூங்கும் நேரத்தைக் கீழ்வீட்டு அக்காவிடம் கேட்டுக்கொண்டு அறுக்கிறேன்.