கட்டுரையாக எழுதியதை மேடையில் வாசித்தால் ஏன் எடுபடவில்லை?

ஒற்றுப்பிழை:
அப்பர் என்கிற திருநாவுக்கரசரின் 'மாசில் வீணையும்' பாட்டை வைத்துப் பதினைந்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். கட்டுரை எழுதிப் பழகிய கை. நாலு பக்கம் எழுதி அப்படியே வாசித்தேன். மூன்றாம் நிமிஷமே முன்வரிசையில் ஒருவர் மணி பார்த்தார். என் முதல் வாக்கியம் இது:

"பல்லவ மன்னனின் ஆணையால் நீற்றறையில் அடைக்கப்பட்டு, ஏழு நாள் கழித்து உயிரோடு வெளிவந்ததாகச் சேக்கிழார் கூறும் திருநாவுக்கரசர், அவ்வெப்பத்தின் நடுவே பாடியதாக நம்பப்படும் இப்பதிகம், குளிர்ச்சியின் படிமங்களால் நெய்யப்பட்டிருக்கிறது."

(நீற்றறை என்றால் சுண்ணாம்புக் காளவாய். சேக்கிழார் பெரியபுராணம் எழுதியவர்.) பிழை ஒன்றும் இல்லையே? பாட்டிலும் பேசுபொருள் நாலாம் வரியில்தானே வருகிறது? அவர் காக்கவைத்தால் அழகு, நான் காக்கவைத்தால் அறுவையா?

ஏட்டுச்சுரைக்காய்:
ஆமாம், அறுவைதான். கோபிக்காதீர்கள். பாட்டை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்:

மாசில் வீணையும் மாலை மதியமும்
வீசு தென்றலும் வீங்கிள வேனிலும்
மூசு வண்டறை பொய்கையும் போன்றதே
ஈசன் எந்தை இணையடி நீழலே

மாசில், வீசு, மூசு, ஈசன். எதுகை ஒவ்வொரு வரியிலும் காதைத் தட்டி, 'இதோ அடுத்த படி' என்கிறது. நடுவில் 'உம்', 'உம்' என்று எண்ணிக்கொண்டே போகிறார். 'போன்றதே' வந்ததும் எது போன்றது என்று நாமே கேட்டுவிடுகிறோம். அடுத்த வரியில் பதில். காத்திருக்கிறவனுக்கு, தான் எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்தே இருக்கிறது.

உங்கள் வாக்கியத்தில் 'அடைக்கப்பட்டு', 'வெளிவந்ததாக', 'கூறும்', 'பாடியதாக', 'நம்பப்படும்' என்று வினையெச்சமும் பெயரெச்சமும் மாறிமாறித் தொங்குகின்றன. படிப்பவர் பின்னால் போய்ப் பார்த்துக்கொள்வார். கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது. தமிழில் முற்று கடைசியில் வருவதால், அதுவரை எல்லாவற்றையும் அவர் தலையில் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அதே அப்பர் வேறோரிடத்தில் எப்படிப் பேசுகிறார் பாருங்கள்: "நாமார்க்கும் குடியல்லோம் நமனை யஞ்சோம்." இரண்டு சொல்லுக்கு ஒரு முற்று விழுகிறது, ஒவ்வொன்றும் மறுப்பு. இன்றைக்கும் மேடையில் நிற்கும் நடை. கூடவே, 'நான்' என்று தொடங்காமல் 'நாம்' என்று தொடங்கியதால், பாடுகிறவர் யாராக இருந்தாலும் அந்தக் கூட்டத்துக்குள் வந்துவிடுகிறார். உங்கள் நாலு பக்கத்தில் 'நாம்' எத்தனை இடத்தில் வருகிறது? எனக்குத் தெரிந்த கட்டுரைக்காரர்கள் 'நாம்' எழுதக் கூச்சப்படுவார்கள், என்னையும் சேர்த்து.

கடைசிவரிசை:
நான் கீர்த்தனை பாடி வளர்ந்தவன், அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற கட்டிலேயே கிறிஸ்தவப் பாட்டு எழுதினார். சரணம் தெரியாதவர்கூடப் பல்லவி வரும்போது சேர்ந்துகொள்வார். பிரசங்கத்துக்கும் ஒரு பல்லவி வேண்டும். உங்கள் பேச்சில் மூன்று தடவையாவது திரும்பி வந்த வரி எது? கட்டுரையில் அப்படித் திரும்ப எழுதினால் ஆசிரியர் அடித்துவிடுவார். பழக்கதோஷத்தில் நீங்களே அடித்திருப்பீர்கள்.

வாராவாரம் பிரசங்கம் செய்யும் வழக்கத்தைச் சைவ மேடையும் தேவாலயத்திடமிருந்து எடுத்துக்கொண்டதுதான். பெர்சிவல் பாதிரியாரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்த யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர், 1847 கடைசியில் வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தைத் தொடங்கினார்.

ஒற்றுப்பிழை:
பல்லவி இல்லை. அடித்ததும் நான்தான். ஆனால் 'கூறும்', 'நம்பப்படும்' எல்லாம் வேண்டுமென்றே போட்டவை. அப்பர் ஏழாம் நூற்றாண்டு, சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டு. இந்த நாலு வரியில் நீற்றறையும் இல்லை, மன்னனும் இல்லை. அதை மறைத்துவிட்டுப் பேச மனசு வரவில்லை.

ஏட்டுச்சுரைக்காய்:
மறைக்கவே வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் சரக்கே அதுதான்! வீணை, நிலவு, தென்றல், இளவேனில், குளம். ஒன்றிலாவது சூடு இருக்கிறதா? கதை தெரிந்தவருக்கு அந்தக் குளிர்ச்சி ஒவ்வொன்றும் சுடும். பாட்டு நெருப்பைச் சொல்லாமல் விட்டது. மேடையில் நிற்பவர் முதலில் அதை மூட்டிவிட வேண்டும், பிறகுதான் பாட்டுக்குள் கூட்டிப்போக வேண்டும். ஐந்நூறு வருஷ இடைவெளியை விசாரிப்பது கட்டுரையின் வேலை, அங்கே பக்கம் பக்கமாக எழுதுங்கள். பேச்சில் 'சேக்கிழார் சொல்கிறார்' என்று ஒரே ஒரு தடவை சொன்னால் போதும், பொய்யும் ஆகாது.

ஒற்றுப்பிழை:
இப்படி மாற்றியிருக்கிறேன்:

"சேக்கிழார் சொல்கிறார். சுண்ணாம்புக் காளவாய். உள்ளே ஒரு மனிதர். கதவைச் சாத்திவிட்டார்கள். ஏழு நாள் ஆயிற்று. நாம் அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறோம். உள்ளேயிருந்து ஒரு பாட்டு வருகிறது. அந்தப் பாட்டில் நெருப்பு எங்கே?"

கடைசி வரியைத்தான் பல்லவியாக வைத்துக்கொள்ளப் போகிறேன். வீணைக்குப் பிறகு ஒரு தடவை, பொய்கைக்குப் பிறகு ஒரு தடவை.

கடைசிவரிசை:
பொய்கைக்குப் பிறகு கேட்டுவிட்டு உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். நாலாம் வரியை மெதுவாகச் சொல்லுங்கள். இன்னொன்று, தாளைப் பார்த்து வாசிக்காதீர்கள்.