பாய்மரப் படகில் குடும்பம் நடத்துபவர்களைப் பார்த்திருக்கிறீர்களா?

ஜோகன்னஸ்பர்கிலிருந்து:

ஒரு மாதமாக எங்கள் வீட்டில் இதே பேச்சு. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, டர்பனில் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி, பிள்ளைகளோடு அதிலேயே குடியிருக்கலாம் என்கிறார் என் கணவர். முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். போன வாரம் லைஃப் ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கப் பிள்ளைகளைக் கூடத்தில் வரிசையாக நிற்க வைத்தபோது வயிற்றைக் கலக்கிவிட்டது. நான் திருச்சிக்காரி. எனக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் காவிரி, அதிலும் பாதி வருஷம் மணல். படங்களில் எல்லாரும் சாயங்கால வெயிலில் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். நேரில் பார்த்தவர்கள், வாழ்ந்தவர்கள் யாராவது இருந்தால், சிரிக்காத நேரத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

டர்பனிலிருந்து:

நாங்கள் வாழ்ந்துகொண்டிருக்கிறோம் சகோதரி. நான், மனைவி, மகள். 2021 நவம்பரில் ஏறினோம், மகளுக்கு அப்போது ஏழு வயது. 38 அடிப் படகு, என்னைவிட இரண்டு வயது மூத்தது.

எனக்குத் தொழில் கப்பல் பழுதுபார்ப்பு. தாத்தா தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணியில் போய்வந்தவர். கடல் எனக்குத் தெரியும் என்ற திமிரோடுதான் ஏறினேன். ஊரில் அம்மாவிடம் போனில் சொன்னதும், "ஏலே, வாடகை கொடுக்க முடியலன்னா சொல்லு, நான் அனுப்புதேன்" என்றாள். இன்றுவரை சொந்தக்காரர்களிடம் எங்களுக்கு 'கடற்கரையில் ஃபிளாட்' என்றுதான் சொல்லி வைத்திருக்கிறாள்.

சிரிக்காத நேரம் கேட்டீர்கள். முதல் சிரிக்காத நேரம் சமையலறையில். கேஸ் காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் ஜன்னலைத் திறந்து விடலாம். படகில் அது கீழே இறங்கி, பில்ஜ் என்று சொல்கிறோமே, தரைப்பலகைக்கு அடியில் இருக்கும் அந்த வயிற்றில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஒரு பொறி பட்டால் போதும். அதனால் சிலிண்டர் வெளியே தனிப் பெட்டியில் இருக்கும், அந்தப் பெட்டிக்குக் கடல் பக்கம் ஒரு துளை. ஒவ்வொரு வேளையும் சமைத்து முடித்ததும் சிலிண்டர் வால்வை மூட வேண்டும். காலையில் காபி, அப்புறம் இட்லி, அப்புறம் மறுபடி காபி என்று நடக்கும் வீட்டில் இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். என் மனைவி முதல் மாதமே சண்டை போட்டு இரண்டாவது காபியை ஃபிளாஸ்க்குக்கு மாற்றிவிட்டாள்.

இரண்டாவது நேரம் ஒரு ராத்திரி. மகள் பாத்ரூமுக்கு எழுந்தவள், "அப்பா, தரை சத்தம் போடுது" என்றாள். பலகையைத் தூக்கினால் கீழே தண்ணீர் தளும்புகிறது. என்ன செய்வீர்கள்? விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். உப்பில்லாவிட்டால் குடிநீர்த் தொட்டி ஒழுகுகிறது, காலையில் பார்த்துக்கொள்ளலாம். உப்பென்றால் கடல் உள்ளே வருகிறது, தூக்கம் போச்சு. எனக்கு முன்னால் மகள் விரலை விட்டுவிட்டாள். முகத்தைச் சுளித்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. மூன்று வாரம் முன்புதான் ஒரு பணிமனையில் படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டியிருந்த கொட்டலசையெல்லாம் சுரண்டி, கடல்நீர் வால்வு ஒன்றை மாற்றியிருந்தோம். பணிமனையின் பெயர் வேண்டாம். புது வால்வின் குழாய்க்கு இரண்டு கிளாம்ப் போட வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது, அதையும் ஒழுங்காக முறுக்கவில்லை. கப்பல் கப்பலாகப் பழுது பார்க்கிறவன் சொந்தப் படகில் அதைச் சரிபார்க்காமல் விட்டேன் பாருங்கள்.

2022 ஏப்ரல் வெள்ளத்தையும் சொல்ல வேண்டும். டர்பன் இருக்கும் குவாசுலு நடால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்துபோன வெள்ளம் அது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதைச் சொல்லவே கூச்சமாக இருந்தது. ஆனால் மறுநாள் காலையில் துறைமுகத்தைப் பார்த்தால் தண்ணீரே தெரியவில்லை. நாணல், மரக்கட்டை, பிளாஸ்டிக் பாட்டில், யாரோ ஒரு குழந்தையின் செருப்பு. ஆறுகள் அள்ளி வந்ததெல்லாம் படகுகளுக்கு நடுவே வந்து நின்றது. இன்ஜினைக் குளிர்விக்க இழுக்கும் கடல்நீரின் வடிகட்டி அடைத்துக்கொண்டதால் படகை நகர்த்தவும் வழியில்லை. நாற்றம் வாரக்கணக்கில் போகவில்லை.

அப்புறம் பூஞ்சணம். டர்பன் புழுக்கத்தில் மூடிய அலமாரிக்குள் எதை வைத்தாலும் பச்சை பூக்கும். பட்டுப்புடவைகளைத் தோழி வீட்டில் வைத்திருக்கிறாள் மனைவி. தீபாவளிக்குத் தீபாவளி போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

பள்ளிக்கூடத்துக்குப் பயப்பட வேண்டாம். மகள் கரையிலிருந்து எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் போகிறாள். நீங்கள் கிளம்பி ஊர் ஊராகப் போவதானால், வீட்டுக்கல்வி என்று மாகாணக் கல்வித் துறையில் பதிவு செய்ய வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை முகவரி. இருப்பிடச் சான்று கேட்டு ஒரு வங்கியில் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். படகைக் கட்டிவைத்திருக்கும் இடத்தின் எண்ணைச் சொன்னால், அந்தப் பெண், "சரி, தெரு பெயர்?" என்கிறாள்.

கடைசியாகக் கடல். டர்பனிலிருந்து தெற்கே ஈஸ்ட் லண்டன் சுமார் 250 கடல் மைல், நடுவில் ஒதுங்க நல்ல துறைமுகம் ஒன்றுகூட இல்லை. கரையோரமாக அகுல்லாஸ் நீரோட்டம் தென்மேற்காக ஓடுகிறது, சில இடங்களில் மணிக்கு 4, 5 கடல் மைல் வேகம். வடகிழக்குக் காற்று கூட வந்தால் தொட்டிலில் போட்டு ஆட்டுகிற மாதிரி கொண்டுபோய் விடும். எங்கள் ஊரில் கச்சான் என்போமே, அந்தப் பக்கத்திலிருந்து தென்மேற்குக் காற்று எதிர்த்து வீசினால் அலை குட்டையாகி, செங்குத்தாகி, சுவர் போல நிற்கும். 1909 ஜூலையில் வாராட்டா என்ற நீராவிக் கப்பல் 211 பேரோடு டர்பனை விட்டுக் கிளம்பியது. இன்றுவரை ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை.

ஆகவே காத்திருக்கத் தெரிய வேண்டும். தென்மேற்குக் காற்று அடித்து ஓய வேண்டும், காற்றழுத்தம் காட்டும் பாரோமீட்டர் ஏறி ஏறி உச்சியில் நின்று இறங்கத் தொடங்க வேண்டும், அப்போது படகைக் கட்டிய கயிற்றை அவிழ்க்க வேண்டும். நடுவழியில் காற்று திரும்பிவிட்டால் கடல் 200 மீட்டர் ஆழமாகும் கோட்டுக்கு உள்ளே, கரைப்பக்கம் ஒதுங்க வேண்டும். அங்கே நீரோட்டத்துக்கு வேகம் குறைவு. நாங்கள் இரண்டு முறைதான் போயிருக்கிறோம். முதல் முறை பதினேழு நாள் காத்திருந்தோம். லீவு முடிந்துவிடும் என்று நான் துடித்தேன். மகள் ஒரு நோட்டில் மூன்று மணிக்கொரு தரம் அழுத்தத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, "இன்னும் ஏறுதுப்பா, பேசாம இரு" என்றாள். உங்கள் கணவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: ரயிலுக்கு அரை மணி முன்னால் போய்ப் பொறுமையாக உட்காருகிறவரா? பயமில்லாத ஆளோடு போவதைவிட அப்படிப்பட்டவரோடு போகலாம்.

மொரீஷியஸ், போர்ட் லூயிஸிலிருந்து:

நான் வாழ்ந்ததில்லை, பார்த்திருக்கிறேன். இங்கே கோடான் மெரினா என்ற படகுத்துறையில் குளிர்காலம் முழுக்க வெளிநாட்டுப் படகுகள் வந்து நிற்கும். நவம்பரில் புயல் காலம் தொடங்குவதற்குள் ரீயூனியன் வழியாக உங்கள் தென்னாப்பிரிக்கா பக்கம் போய்விடுவார்கள். ஒரு செப்டம்பரில் பிரெஞ்சுக் குடும்பம் ஒன்று, அம்மா, அப்பா, இரண்டு பையன்கள், சந்தையில் எனக்குப் பக்கத்தில் முட்டை வாங்கினார்கள். வாங்கிய முட்டையை எல்லாம் அந்த அம்மா வாசலிலேயே அட்டையிலிருந்து எடுத்துப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினாள். அட்டையில் கரப்பான்பூச்சி முட்டை இருக்குமாம், ஒரு பெட்டி ஏறினால் படகு போச்சாம். வாழைத்தாரைக்கூடக் கடல்நீரில் முக்கித்தான் ஏற்றுவார்களாம். அதைப் பார்த்த பிறகு நான் என் வீட்டு அட்டைப்பெட்டிகளைத் தூக்கிப் போட்டுவிட்டேன், அது வேறு கதை.

சின்னப் பையன் கையிலிருந்த ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைக் காட்டி இது என்ன மொழி என்று எங்கள் ஊர் கிரியோல் மொழியும் பிரெஞ்சும் கலந்து கேட்டான். எங்களுக்குப் புரட்டாசி விரதம் நடந்த நேரம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டு, வாழையிலையில் ஏழு கறியோடு சாப்பாடு போட்டோம். பையன்கள் இலையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அந்த அம்மா மட்டும் சாப்பிட்ட பிறகு எங்கள் குளியலறைக்குப் போனவள் முக்கால் மணி நேரம் வெளியே வரவில்லை. என் மாமியார் பயந்துபோய்க் கதவைத் தட்டினார். ஷவரைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றிருக்கிறாள். நாலு மாதமாக ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர் என்று அளந்து குளித்தவள். ஈரத்தலையோடு வந்து மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டாள். மாமியார் ஒன்றும் பேசாமல் துண்டை வாங்கித் தலையைத் துவட்டிவிட்டார். சகோதரி கேட்ட சிரிக்காத முகம் எனக்குத் தெரிந்து அதுதான். அழவும் இல்லை, ஆனால் என்னவோ.

கேப் டவுனிலிருந்து:

எட்டு மாதம் இருந்தோம், இறங்கிவிட்டோம். எங்கள் பையனுக்கு நாலு வயது. படகைச் சுற்றிக் கம்பிவேலிக்கு வலை கட்டினோம், இடுப்பில் பட்டை போட்டுக் கயிற்றில் மாட்டினோம். ஆனாலும் இரண்டு பேரில் ஒருவர் எப்போதும் அவனையே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். கோடையில் இங்கே தென்கிழக்குக் காற்று எழும்பினால் நாள்கணக்கில் ஓயாது. பாய்மரங்களில் கயிறுகள் அடிக்கிற சத்தம், டங் டங் டங், ராத்திரி முழுக்க. பிள்ளை தூங்கினான், நாங்கள் தூங்கவில்லை. எட்டு வயதுக்கு மேல் என்றால் யோசியுங்கள், அதற்குக் கீழே என்றால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். டர்பன் அண்ணன் கோபிக்கக் கூடாது.

ஜோகன்னஸ்பர்கிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. சின்னவளுக்கு ஒன்பது, பெரியவனுக்குப் பதிமூன்று. அவரையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் படிக்கச் சொன்னேன். வாராட்டா வந்த இடத்தில் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். முகம் மாறியது, ஆனால் பேசவில்லை. ரயில் கேள்விக்கு என் மகன் பதில் சொல்லிவிட்டான்: "அப்பா ஏர்போர்ட்டுக்கு நாலு மணி நேரம் முன்னாடி போவாரே." கடைசியில் அவர் கேட்கச் சொன்னது ஒன்றே ஒன்று. மிக்ஸி ஓடுமா?

டர்பனிலிருந்து:

ஓடும். 750 வாட் மிக்ஸிக்கு 1500 வாட் இன்வெர்ட்டர் வாங்குங்கள், கிளம்பும் நொடியில் நிறைய இழுக்கும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 60 ஆம்பியருக்கு மேல் போகும் என்பதால் கேபிள் தடிமனாக இருக்கட்டும். சட்னிக்கு அஞ்சு நிமிஷம் அரைத்தால் பேட்டரி அசராது, இட்லிமாவை மட்டும் கரையில் மின்சாரம் செருகியிருக்கும்போது அரைத்துக்கொள்ளுங்கள். என் மனைவி கேட்காமல் அம்மியையும் ஏற்றினாள். நீங்களும் ஏற்றுவதாக இருந்தால் பாய்மரத்தடியில், படகின் நடுவில், தரையோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். எங்களுடையதை முதலில் இடது பக்க அலமாரியில் வைத்திருந்தோம், ஒரு மாதம் படகு ஏன் சாய்ந்தே நிற்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன்.