பம்பாயில் ஓடிய கம்பி பஸ்: கோவாலியா டேங்க் – மசகான் டாக்

களக்காட்டுக்காரன்:
எங்கள் பெரியப்பா அறுபதுகளில் தாராவியில் தங்கி, மசகான் டாக் கப்பல் தளத்தில் வெல்டராக இருந்தவர். தண்டவாளமே இல்லாமல், தலைக்கு மேல் இரண்டு கம்பிகளைத் தொட்டபடி ஓடிய பஸ்ஸைப் பற்றி அடிக்கடி சொல்வார். அவர் இப்போது இல்லை. அப்படி ஒரு பஸ் உண்மையில் ஓடியதா? ஏன் நின்றது? நம் நெல்லை ஜங்ஷன் – பாளை சாலையில் அதை ஓட்ட முடியுமா?

பேட்டைவாசி:
டிராமைச் சொல்லியிருப்பார். கடைசி டிராம் 1964 மார்ச் 31 இரவு போரிபந்தரிலிருந்து தாதர் வரை ஓடியது.

திசையன்விளைப் பெரியவர்:
இல்லை, பெரியப்பா சொன்னதே சரி தம்பி. அது டிராலிபஸ். 1962 ஜூன் 11 அன்று, பம்பாயின் நகர பஸ்களை ஓட்டும் பெஸ்ட் நிறுவனம் கோவாலியா டேங்க்கிலிருந்து மசகான் டாக்குக்கு விட்டது. 1942இல் 'வெள்ளையனே வெளியேறு' முழக்கம் எழுந்த மைதானம் இருக்கிறதே, அதுதான் கோவாலியா டேங்க்.

நானும் அதே தளத்தில் ஃபிட்டராக இருந்தேன். பம்பாயில் மின்ரயில்கள் எல்லாம் தெற்கு வடக்காகவே ஓடும். மேற்கேயிருந்து கிழக்கே துறைமுகப் பக்கம் போக வேண்டுமென்றால் பஸ்தான் கதி. இந்தத் தடம் நகரை அப்படிக் குறுக்கே கடந்தது. அதனால் எங்களைப் போன்ற தொழிலாளிகளுக்கு அது பெரிய உதவி. 1968 அக்டோபரில் நீல்கிரி போர்க்கப்பலைக் கடலில் இறக்க இந்திரா காந்தி வந்த நாளிலும் அதில்தான் வேலைக்குப் போனேன்.

டிராமுக்கு மேலே ஒரு கம்பி போதும். மின்சாரம் தண்டவாளம் வழியே திரும்பிவிடும். ரப்பர் டயரில் ஓடும் வண்டிக்கு அந்த வழி கிடையாது, ஆகவே இரண்டாவது கம்பி. கூரையில் இரண்டு நீளக் கழிகள். வளைவில் ஒன்று நழுவினால் வண்டி அப்படியே நின்றுவிடும். இறங்கிக் கழியை மறுபடி கம்பியில் பொருத்த வேண்டும். மற்றபடி புகையில்லை, இரைச்சலில்லை. பாலத்து ஏற்றத்தில் டீசல் பஸ் முக்கி முனகும்போது இது சத்தமே இல்லாமல் ஏறிவிடும். அவ்வளவு நல்ல வண்டியைக் கைவிட்டது எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

1971 மார்ச் 24 அன்று நிறுத்தினார்கள். ஒரே ஒரு தடத்துக்காகக் கம்பி, மின்சாரம், அதற்கென்று தனி ஆட்கள் என்று எத்தனை நாள் செலவு செய்வார்கள்? நாலைந்து தடங்களுக்கு விரித்திருந்தால் நிலைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

டவுன் ரதவீதி:
நெல்லையில் நடக்காது அண்ணாச்சி. ஆனித் தேரோட்டத்துக்கு ரத வீதியில் இருக்கிற மின்கம்பிகளையே அவிழ்க்கிறோம். இதில் பஸ்ஸுக்கு வேறு கம்பியா?

திசையன்விளைப் பெரியவர்:
தம்பி கேட்டது ஜங்ஷனிலிருந்து பாளைக்கு. நெல்லையப்பர் தேர் அந்தப் பக்கம் வராது. வண்ணார்பேட்டை வழியாக நேர் சாலை, நாள் முழுதும் கூட்டம். டிராலிபஸ்ஸுக்கு இதைவிட ஏற்ற தடம் ஏது? எனக்கு உறுத்துவது வழியில் தாமிரபரணியைக் கடக்கும் சுலோசன முதலியார் பாலம்தான். 1843இல் கட்டியது, அதன்மேல் கம்பத்தை நட நான் சம்மதிக்க மாட்டேன். இப்போது வரும் டிராலிபஸ்களில் பேட்டரியும் உண்டு. பாலத்தில் மட்டும் கழியை இறக்கிவிட்டுக் கடக்கலாம்.

பெரியப்பா எந்த ஆண்டில் தளத்தில் சேர்ந்தார், எந்தப் பிரிவில் இருந்தார் என்று வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்தவராகக்கூட இருக்கலாம்.