எக்ஸ்டர்னல் பிளாஷ் போட்டும் படம் இருட்டாக வருகிறது, பிளாஷ் பழுதா?

புதுக்கேமரா:
வணக்கம். சொந்தக்காரர் ரிசப்ஷனில் படம் எடுத்தேன். கேமரா மேனுவல் மோடில், ஷட்டர் வேகம் 1/160, லென்ஸ் திறப்பு எஃப் 5.6, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100. பிளாஷ் டிடிஎல்லில் (கேமராவே அளந்து பிளாஷ் அளவை முடிவு செய்யும் முறை), தலையை மேலே திருப்பி சீலிங்கில் பட்டுத் திரும்பும்படி பவுன்ஸ். பிளாஷ் அடிப்பது நன்றாகவே தெரிகிறது, ஆனால் முகமெல்லாம் மங்கல், பின்னால் மேடை அலங்காரம் கறுப்பு. வீட்டு ஹாலில் இதே செட்டிங்கில் ஓரளவு சரியாக வருகிறது. கடையில் கொடுத்து மாற்றிவிடலாமா?

மண்டபலென்ஸ்:
அவசரப்பட வேண்டாம். முதலில் ஒன்று சொல்லுங்கள்: ஒரு ஷாட் அடித்ததும் பிளாஷின் ரெடி விளக்கு (அடுத்த ஷாட்டுக்குத் தயார் என்று காட்டுவது) உடனே எரிகிறதா, இரண்டு மூன்று விநாடி கழித்தா? உடனே எரிந்தால் பிளாஷிடம் சக்தி மிச்சம் இருக்கிறது, கேமராதான் குறைவாக அடிக்கச் சொல்லியிருக்கிறது, அப்போது பிளாஷ் காம்பன்சேஷன் (பிளாஷ் அளவைக் கூட்டிக் குறைக்கும் செட்டிங்) மைனஸில் கிடக்கிறதா என்று கேமராவிலும் பிளாஷிலும் தனித்தனியாகப் பாருங்கள். தாமதமாக எரிந்தால் பிளாஷ் தன்னிடம் இருந்த மொத்தத்தையும் கொட்டியும் போதவில்லை என்று அர்த்தம்.

புதுக்கேமரா:
தாமதம்தான், புது பேட்டரி போட்டும். காம்பன்சேஷன் இரண்டிலும் பூஜ்யம்.

மண்டபலென்ஸ்:
அப்படியானால் பிளாஷ் நன்றாக இருக்கிறது, தூரம்தான் சிக்கல். மண்டப சீலிங் 20 அடி, பிளாஷும் முகமும் 5 அடி உயரத்தில் என்று வைத்துக்கொண்டால் வெளிச்சம் மேலே போய்த் திரும்பி வர 30 அடி ஆகிவிடும். ஆள் 10 அடியில் நின்றால், நேராக அடித்தால் 10 அடிதான். மூன்று மடங்கு தூரம் என்றால் வெளிச்சம் ஒன்பதில் ஒரு பங்கு, சீலிங் உறிஞ்சிக்கொள்வதும் சிதறடிப்பதும் தனி. வீட்டில் சீலிங் 10 அடிதான், அதனால்தான் சமாளித்தது. ஐஎஸ்ஓ 800, எஃப் 4 வைத்துப் பாருங்கள், 16 மடங்கு கூடும், மேடை விளக்கும் படத்தில் பதியும், பின்னணி கறுப்பாகாது. ஐஎஸ்ஓ 100-ஐப் பிடித்துக்கொண்டு மண்டபத்தில் பவுன்ஸ் அடிப்பது வீண் வேலை, கிரெயின் (படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவது) வரும் என்று பயப்படாதீர்கள், இருட்டுப் படத்தை கம்ப்யூட்டரில் தூக்கினால் வருகிற கிரெயின் இதைவிட மோசம்.

ஸ்டுடியோஅண்ணன்:
மண்டபலென்ஸ் அண்ணன் சொன்னது சரி. கூடவே, ஷட்டரை 1/250-க்கு மேலே ஏற்றினால் ஹைஸ்பீடு சிங்க் (வேகமான ஷட்டருக்கு ஏற்ப பிளாஷ் விட்டுவிட்டு அடிக்கும் முறை) தானாக வந்துவிடும் மாடல்கள் உண்டு, அதில் பவர் பாதியைவிடக் கீழே போகும். வெளிச்சத்தைப் பரப்பும் பிளாஸ்டிக் டிஃப்யூசர் மூடி பிளாஷில் மாட்டியிருந்தால் கழற்றுங்கள். சீலிங் மரமோ கலர் பெயின்ட்டோ என்றால் பவுன்ஸே வேண்டாம், பக்கத்து வெள்ளைச் சுவர் கிடைத்தால் அதில் அடியுங்கள்.

புதுக்கேமரா:
நன்றி. நேற்று சமுதாயக் கூடத்தில் ஐஎஸ்ஓ 800-இல் பார்த்தேன், முகம் தெளிவு. வெள்ளை வேட்டி சட்டையில் இருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் மங்கல்.

மண்டபலென்ஸ்:
வெள்ளை நிறைய இருந்தால் டிடிஎல் ஏமாந்து குறைத்துவிடும். அந்த ஷாட்டுகளுக்கு மட்டும் பிளாஷ் காம்பன்சேஷன் பிளஸ் 1 வைத்து, முடிந்ததும் மறக்காமல் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள்.